குராங் மானிஸ், எத்தனை கரண்டி?

இன்று மதியம் மெர்கோங்கில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் "தே தாரேக், குராங் மானிஸ்" என்றார். இழுத்து ஆற்றிய தேநீர், சர்க்கரை குறைவாக. தொலைக்காட்சியில், ஏதோ வெளிநாட்டுத் தீவிரவாதக் குழுவை ஒடுக்கப் படை அனுப்பலாமா என்று விவாதம் ஓடியது. "கொஞ்சம் ஆளுங்கள அனுப்பலாம் லா," என்று அவரே தீர்ப்பும் சொன்னார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

சுங்கைப் பட்டாணியில் உன் வாப்பாவின் உணவுக்கடை. பல்கலைக்கழகச் சொற்போருக்கு நாம் அங்கேதான் ஒத்திகை பார்த்தோம். நமக்கு விழுந்த தலைப்பும் இதுதான். படையை அனுப்ப வேண்டும் என்பது நம் அணியின் வாதம். உனக்குக் குறிப்பே தேவைப்படவில்லை. "நான் தொழும்போது சொல்ற வார்த்தையச் சொல்லிக்கிட்டே அவனுங்க சுடுறானுங்க. வேரோட புடுங்கணும்," என்றாய். ரொட்டி போடுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

நான் தட்டில் இருந்ததைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். சுங்கை லாலாங் தோட்டத்து வீட்டில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் படையில் இருக்கும் அண்ணன் சீருடையில் நிற்கும் படத்தை அம்மா மாட்டியிருந்தார். 'அனுப்புங்கள்' என்று நான் பேசப்போவது அண்ணனையும் சேர்த்துத்தான்.

"என்ன பிள்ள, ரொட்டியக் கொல்ற?" என்றாய்.

சொன்னேன். என் தட்டை நகர்த்திவிட்டுத் தாளை வைத்தாய். பிறகு, "சரி, வேரோட வேணாம். கொஞ்சமா அனுப்புவோம். 'வரையறுக்கப்பட்ட நடவடிக்கை'னு எழுதிக்கோ," என்றாய்.

அப்போதுதான் வாசல் மேசையிலிருந்து ஒருவர் கத்தினார். "பாய், குராங் மானிஸ் கேட்டேன். இது பாயாசம்!"

"குராங்தான் போட்டேன் தவுக்கே! இதுக்கு மேல கொறைச்சா சுடுதண்ணிதான்!" என்றார் உன் வாப்பா.

கடையே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் சொல்றது ஒரே வார்த்தை, பாத்தியா? எத்தன கரண்டினு ரெண்டு பேருமே சொல்லல," என்று, நான் எழுதியதை அடித்துவிட்டாய்.

மேடையில் எதிரணி கேட்டது: "எதுவரை?" நீ எழவில்லை. என்னைப் பார்த்தாய். கூட்டத்தில் வாய் திறக்கத் தெரியாத நான் எழுந்தேன். "அகதி முகாம்களுக்குக் காவல், காயம்பட்டவர்களுக்கு மருத்துவம். அதுவரை. அதற்கு மேல் ஓர் அடி என்றாலும், அரசு திரும்பி வந்து நம்மைக் கேட்க வேண்டும். என் அண்ணன் படையில் இருக்கிறார்."

"நீங்கள் கேட்டுவிட்டு வருவதற்குள் அங்கே இருப்பவர்களைக் கொன்றுவிட்டால்?"

நான் உட்கார்ந்துவிட்டேன். குறிப்பே தேவைப்படாத நீ தாளைப் புரட்டினாய். தோற்றோம்.

பேருந்தில், "தோத்தாலும் சர்க்கரை சரியா இருந்துச்சு லா," என்று தோளில் இடித்தாய். கொஞ்சம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே, "ஆனா அவங்க கேட்டதும் சரிதானே?" என்றாய். சரிதான் என்றேன். வீடு வரும்வரை இருவரும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

பட்டம் வாங்கிய சில மாதங்களிலேயே டிங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று என்னைச் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைவிட, நீ அடித்துப்போட்ட அந்த ஒரு வரிதான் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. அண்ணன் இன்னும் படையில்தான் இருக்கிறார். எதிரணியின் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது.

இன்று தேநீரைக் குடித்து முடித்துவிட்டேன். வழக்கம்போல் எழுந்து போயிருப்பேன். நீ இடித்த தோள் விடவில்லை. பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, கொஞ்சம்னா... எது வரைக்கும்?"