முட்டை வண்டியும் பெரிய பாலமும்

ஜூன் 2, செவ்வாய்

கோழிக் கொட்டகையில் வழுக்கி விழுந்து வீட்டுக்காரர் காலை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டு காய்வதற்குள் கொழுந்தன் வந்துவிட்டான். அண்ணனின் காலைப் பார்க்க வந்தவன் கண்ணெல்லாம் சாவி மாட்டும் ஆணியின் மேல்தான்.

"சிட்டிக்கு முட்டை லோடு நான் எடுத்துட்டுப் போறேன் அண்ணி, நீங்க கவலைப்படாதீங்க" என்றான்.

நானா கவலைப்படுகிறேன்? இரவல் வாங்கிப்போன மோட்டார் பம்பும் ஏணியும் அவன் வீட்டிலேயே குடியேறிவிட்டன. வண்டியும் போனால் போனதுதான். ஊருக்குள் அந்த வண்டியை ஓட்டுவது எப்போதும் நான். வாடிக்கைக் கடைகள், தீவனக் கிடங்கு, சந்தை, எல்லாம் நான்தான். பெரிய பாலத்தைத் தாண்டி சிட்டிக்கு மட்டும் அவர் போவார். பாலம் என்ன, ஆளைக் கடிக்குமா?

"நானே ஓட்டறேன்" என்றேன். கொழுந்தன் சிரித்தான். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

ஜூன் 3, புதன்

மானம் போயிற்று.

எங்கள் பக்கம் ஹார்ன் அடித்தால் தெரிந்தவர் யாரோ கூப்பிடுகிறார் என்று அர்த்தம். பாலம் ஏறும் இடத்தில் பின்னால் ஒருவன் அடித்தான், திரும்பிப் பார்த்தேன். இன்னொருவன் அடித்தான், அவனையும் பார்த்தேன். அத்தனை பேரில் ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

அங்கே மூன்று சாலைகள் வந்து ஒன்றாகச் சேர்கின்றன. பக்கத்துச் சாலையிலிருந்து வந்த பஸ்காரர் விளக்கை மின்னவைத்தார். எங்கள் வாய்க்கால் கரையில் அப்படி மின்னினால் 'நீ முதலில் வா' என்று அர்த்தம். வந்தேன். இங்கே 'நான் வருகிறேன், ஒதுங்கு' என்று அர்த்தமாம்! ஒரு விரல் இடைவெளியில் தப்பித்தேன். அவர் என்னைச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் நகரவே இல்லை. எல்லோரும் போகட்டும், அப்புறம் போவோம் என்று நின்றேன். எல்லோரும் என்றால் எத்தனை பேர்? தீரவே இல்லை. கடைசியில் டிராஃபிக் போலீஸ்காரர் வந்து ஜன்னலைத் தட்டினார்.

"ஏம்மா, இங்க என்ன விருந்தா நடக்குது, எல்லாரையும் உபசாரம் பண்ணி அனுப்பறீங்க?"

ஏழு மணிக்குள் கொடுக்க வேண்டிய முட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது பேக்கரியில் அடுப்பு காலியாக எரிந்துகொண்டிருந்தது. பேக்கரிக்காரர் கத்தவில்லை. "இந்த வாரம் பொறுத்துக்கறேன். அப்புறமும் இப்படின்னா வேற பண்ணையப் பார்த்துக்குவேன்மா" என்றார். கத்தியிருந்தால் தேவலை.

ஜூன் 4, வியாழன்

இன்றும் தாமதம். போதாததற்கு பாலத்தின் நடுவில் திடீர் பிரேக். மேல் அடுக்கு ட்ரேயெல்லாம் கூழ். கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதேன்.

ஜூன் 5, வெள்ளி

"தம்பிகிட்டயே குடுத்துடலாமா?" என்று கேட்கிறார் இவர். அன்பாகத்தான் கேட்டார், அதுதான் எரிச்சல். கால் உடைந்தது உங்களுக்கு, கை உடைந்தது எனக்கா? "ஏங்க, அவன் கைக்குப் போன எது திரும்பி வந்திருக்கு சொல்லுங்க" என்றேன். கூரையைப் பார்த்தார். "சரி, திங்கக்கிழமை ஒரு நாள் பாரு. அன்னிக்கும் லேட்டானா அவன்தான்."

எனக்கு ஓட்டத் தெரியும். தெரியும்தானே? பின்னே ஏன் அந்த இடம் வந்தால் மட்டும் கைகால் யாருடையதோ போல ஆகிவிடுகிறது?

ஜூன் 6, சனி

காலையில் பேக்கரிக்குப் போனதும் தாமதம்தான். அதை விடு. திரும்பி வரும்போது ஊர் திருப்பத்தில் ஆட்டு மந்தை. வழக்கம்போல முதல் கியரில் ஊர்ந்தேன். ஆடு எதிரே வந்தால் நிற்கக் கூடாது. நின்றால் நாலு பக்கமும் சூழ்ந்துகொள்ளும், அப்புறம் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான். விரட்டவும் கூடாது, மிரண்டு சக்கரத்துக்குள் வரும். ஒரே வேகத்தில், நேராக, ஊர்ந்துகொண்டே இருந்தால் அதுவாக விலகும். இதை நான் யோசித்துச் செய்வதே இல்லை.

மந்தையைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. வண்டியை ஓரம்கட்டிவிட்டுத் தனியாகச் சிரித்தேன். ஆட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜூன் 8, திங்கள்

கடந்தேன்!

மூன்று சாலை சேரும் இடம். முதல் கியர். ஹார்ன் என் காதில் 'ம்மே' என்றுதான் கேட்டது. திரும்பவில்லை. நிற்கவில்லை. அவசரப்படவும் இல்லை. ஒரு பெரிய கார் மூக்கை நுழைத்தது, நான் என் பாட்டுக்கு ஊர்ந்தேன், மூக்கை இழுத்துக்கொண்டது. பஸ்ஸின் விளக்கு மின்னியது. மின்னட்டும். ஒரு பைக்கை முன்னால் விட்டேன், அடுத்தவனை விடவில்லை. பாலத்தின் நடுவில் வந்தபோதுதான் கீழே ஆறு இருப்பதையே பார்த்தேன். எவ்வளவு அகலம்! வாய்விட்டுப் பாடினேன். நல்லவேளை, யாருக்கும் கேட்டிருக்காது.

ஆறே முக்காலுக்கு பேக்கரி. ஒரு முட்டையிலும் கீறல் இல்லை. பேக்கரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சூடாக ஒரு பன் கொடுத்தார். இத்தனை ருசியான பன்னை நான் தின்றதே இல்லை.

ஜூன் 9, செவ்வாய்

இன்றும்.

ஜூன் 15, திங்கள்

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வாரம் அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு. என்னைக்காவது முட்டிக்கிட்டா? இன்னிக்கு நான் ஓட்டறேன், அண்ணி பக்கத்துல உக்காந்து வழி சொல்லட்டும்" என்று விடியுமுன் வந்து நின்றான். இவர் என் முகத்தைப் பார்த்தார். சாவியைக் கொடுத்தேன். ஓட்டட்டுமே.

பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றது. ஒரு வரிசைதான் வழி. இவன் ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை. எவனோ முந்தியதும் ரோஷம் வந்து ஒடித்தான், பிரேக் போட்டான், வண்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. முன்னால் கார், பின்னால் பஸ், இரண்டு பக்கமும் வசவு. பின்னால் என் முட்டைகள் நொறுங்கும் சத்தம். திட்டத்தான் வாயெடுத்தேன். அவனைப் பார்த்ததும் வரவில்லை. ஹார்ன் அடித்த பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பி முழித்தான். முதல் நாள் நானும் அப்படித்தான் முழித்தேன்.

"அண்ணி... என்னால முடியல."

"தள்ளி உக்காரு" என்றேன்.

அத்தனை ஹார்னுக்கும் நடுவில் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றிவந்து ஏறினேன். அதே போலீஸ்காரர் ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். "அட, நீங்களா? அப்ப சரி" என்று பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். ஒரு முழம் பின்னால், ஒரு முழம் முன்னால். நேராக்கினேன். ஊர்ந்தேன். விலகினார்கள்.

ஏழடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பேக்கரி வாசல். உடைந்தது போக மீதியை எண்ணி இறக்கியவன் கொழுந்தன்தான். வீட்டில் இவர் "என்னடா ஆச்சு?" என்றதற்கு, "அண்ணியே ஓட்டட்டும்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் இவ்வளவு சுகமா!

ஜூலை 15, புதன்

நேற்றுக் கட்டுப் பிரித்தாயிற்று. நன்றாக நடக்கிறார். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. காலையில் சாவியைக் கேட்பார், கொடுத்துத்தானே ஆகவேண்டும்? அவர் வண்டி. கேட்டால் என்ன முகத்தோடு கொடுப்பது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

எழுந்து வெளியே வந்தால் ஆளைக் காணோம். கொட்டகையில் ட்ரேக்களைக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார், கண்ணாடியைத் துடைத்தார், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். சாவியை எடுத்துக்கொண்டு போனேன். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்ன பார்த்துட்டு நிக்கற? ஏறு. பாலத்துல கூட்டம் சேர்ந்துரும்."