பதினான்காம் தேதிக்கு வர வேண்டாம்

ஜூன் 3, புதன்கிழமை, காலை

அருமை மகளுக்கு,

பட்டம் பெற்ற கையோடு ஆங்கிலம் கற்பிக்கக் கடல் கடந்தவள், என் கண் அறுவைச் சிகிச்சைக்காகப் பதினான்காம் தேதி வருவதாக எழுதியிருக்கிறாய். உன் மாணவர்களின் முதல் பேச்சுத் தேர்வும் அன்றுதானே?

நீ அனுப்பிய வகுப்புக் காணொளியைப் பார்த்தேன். கூச்சத்தால் வாய் திறவாத உன் மாணவியான தையற்காரம்மாவைக் கரும்பலகையருகே நிறுத்திவிட்டு, நீ அவர் பெஞ்சில் அமர்ந்து, கையை உயர்த்திச் சந்தேகம் கேட்டாய். அவர் பேசிவிட்டார்! எனக்கு மெய்சிலிர்த்தது. இவர்களை நட்டாற்றில் விடலாமா?

ஆகவே மருத்துவரிடம் சொல்லித் தேதியை முன்னுக்கு இழுத்தேன். நேற்று, இரண்டாம் தேதி, நலமாக முடிந்தது.

"கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு என்ன எழுத்து வேண்டியிருக்குண்ணா? படுங்க!" என்று உன் அத்தை அதட்டுகிறாள். வரிகள் கோணியிருந்தால் பொறுத்துக்கொள். தேர்வை நடத்து.

ஒற்றைக் கண்ணோடும் முழுப் பெருமையோடும்,
அப்பா