ஏழு பேர் வண்டி

அன்புள்ளவருக்கு,

நானும் அத்தையும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை. மூன்று வாரப் பயிற்சிக்கு அங்கே அமெரிக்காவுக்கு வந்திருந்த நம் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் அண்ணன் நேரிலேயே பார்த்துவிட்டு வந்துவிட்டார். போனில் பேசினால் அத்தை காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

அத்தைக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. கட்டைப் பிரித்ததும் டாக்டரைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தார்கள். நீங்கள் வருவதாகச் சொல்லியிருந்தீர்களாம். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. வீட்டுக்காரர் நாளைக்கு நாளைக்கு என்கிறார்.

ஷோரூமில் புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். நம் அமெரிக்கக் கம்பெனியின் கார்களை எல்லாம் அவர்களுக்கு விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நீங்கள் இங்கே இருந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே தொடங்கினேன். எஞ்சின் கதை அப்புறம், முதலில் ஆளைப் பாருங்கள் என்றேன். சின்ன கார், முதல் சம்பளம் வாங்கியவருக்கு. செடான், டிரைவர் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருகிறவருக்கு. உயரமான எஸ்யூவி, பக்கத்து வீட்டில் ஒன்று வந்து நின்ற மறுநாள் ஓடி வருகிறவருக்கு. மின்சாரக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து நூறு கேள்வி கேட்பார்கள், கையெழுத்து மட்டும் பெட்ரோல் காருக்குப் போடுவார்கள். இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் பார்க்க வருகிற ஐம்பது வயதுக்காரர் மனைவியைக் கூட்டி வரவே மாட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இங்கே விற்பனைக்கு வராத மாடல்களைக் காட்ட, அண்ணன் அங்கே எடுத்த படங்களைத் தன் போனிலிருந்து பெரிய திரையில் போட்டார். நாலைந்து படம் தள்ளியதும் ஒரு சாம்பல் நிற வண்டி வந்தது. ஏழு பேர் உட்காரலாம், கதவு சறுக்கித் திறக்கும். ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்றது. இதை யார் வாங்குவார் என்று கேட்டேன்.

கண்ணாடி போட்ட பெண் எழுந்து, “குடும்பஸ்தர் மேடம். நடு சீட்டுல குழந்தை சீட் மாட்டியிருக்கு பாருங்க, ரெண்டு,” என்றாள்.

சரியான பதில். பாராட்டினேன். அப்புறம்தான் உள்ளே குனிந்து வார் மாட்டிக்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்தேன். ஆறு வருஷம் என் பக்கத்தில் படுத்திருந்த முதுகு.

அண்ணன் படபடவென்று திரையை அணைத்தார். வெளியே வந்து, “தப்புப் படம் வந்துடுச்சும்மா. உனக்குத் தெரியும்னுதான் நெனச்சிட்டிருந்தேன்,” என்றார். நாம் உறவை முறித்துக்கொண்டு பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது என்று அங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறீர்களாம். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. தனி அறையில் ஒண்டிக்கட்டையாக இருக்கிறேன், கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன் என்று நீங்கள் எழுதியதை நம்பி, குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளை விஷயத்தைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விமான நிலையத்தில் சொன்னீர்கள். அங்கேயே பார்த்துக்கொண்டீர்கள்.

நான் அழவில்லை. பிக்கப் வண்டி பாக்கி இருந்தது. உள்ளே போய் அதையும் விளக்கி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அத்தையிடம் இதை நான் சொல்ல மாட்டேன். பெற்றவளிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அவர்கள் விரும்பினால் என்னோடு இருக்கலாம். விவாகரத்துப் பத்திரத்தை அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அதோடு விளக்கக் கடிதம் எதுவும் வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். அந்த மாதிரிக் கதவுக்கு சைல்டு லாக் உண்டு, போட்டால் குழந்தைகள் உள்ளிருந்து திறக்க முடியாது. விற்கிறவர்கள் சொல்ல மறந்துவிடுவோம், வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. கதவின் ஓரத்தில் சின்ன விசை, திறந்தால்தான் கண்ணில் படும். இன்றைக்கே போட்டுவிடுங்கள். பிள்ளைகள் என்ன செய்தார்கள், பாவம். நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
படிவங்களில் மட்டும் உங்கள் மனைவி