ஜெனிபர் டீச்சரின் தப்பு

ஜூலை 16, புதன்

இன்று நானே வலியப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜெனிபர் டீச்சர் எங்கள் கோம்பைப் பள்ளிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணக்குப் பாடத்தை வீடியோவாக எடுத்துப் பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு அனுப்பிவிடுகிறாள். பிள்ளைகள் அதை வீட்டில் பார்த்துவிட்டு வந்து, வகுப்பில் கூடி உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் சுவர் தாண்டி, நான் கணக்கு நடத்தும் ஏ பிரிவுக்குக் கேட்கிறது. ஹெட்மாஸ்டர் தினமும் அவள் வகுப்பு வாசலில் நின்று ரசிக்கிறார். என் வாசலைத் தாண்டித்தான் அங்கே போகிறார்.

நேற்று சாயங்காலம் அவளுடைய புது வீடியோவை ஒரு பிள்ளையிடம் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாயைக் காட்டி, உருளையின் கன அளவு நடத்துகிறாள். நன்றாகத்தான் இருந்தது, பாவி. கடைசியில் அகப்பட்டாள். ஆரம் போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டிருந்தாள். எனக்குச் சோறுகூட ருசித்தது.

காலையில் ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் அதைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களும் கடைசிவரைக்கும் பாத்தீகளா டீச்சர்? ஒவ்வொண்ணுலயும் வேணும்னுதான் ஒரு தப்பு விடுறேன். பதினோரு பிள்ளைக நேத்தே கண்டுபிடிச்சு மெசேஜ் போட்டுருச்சுக."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் கணக்குப் போடுகிறேன். ஒரு பிள்ளைகூட எழுந்து, "டீச்சர், தப்பு" என்று சொன்னதில்லை. நான் தப்பே விடுவதில்லை என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தேன்.