கை தூக்கியவர்கள் எந்தத் தெரு?

என் ரீட்டா அக்காவுக்கு,

நீ உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து "இன்னாடி, மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்று கேட்டிருப்பாய். நான் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

நம் அங்கன்வாடியை மாற்றப் போகிறார்களாம், அக்கா. கட்டடம் பலவீனமாம். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மண்டபத்தின் பின்னறையில் 'தற்காலிகமாக' நடக்குமாம். கன்டெய்னர் லாரி ஓயாத அந்த ரோட்டை, மூன்று வயதுப் பாப்பாவோடு தினமும் நான் எப்படித் தாண்டுவேன்?

போன வருடம்தானே புதுத் தளம் போட்டார்கள்? அதற்குள் பலவீனமா? சுவரோரம் சிவப்புப் பெயின்ட் அடித்த அளவுக் கல்லை யார் நட்டது? அங்கன்வாடிக்குப் பின்னால் வரப்போகும் கிடங்குக்கு லாரி திரும்ப இடம் வேண்டுமாம், டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். நேரில் கேட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்கிறார் பாப்பாவின் அப்பா. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுப்பவருக்கு எதை வேண்டுமானாலும் நம்ப முடிகிறது.

சுதந்திர தினத்துக் கிராம சபைக்கு, நீ இல்லாமல் முதல் தடவையாகப் போனேன். எப்போதும் காலி நாற்காலிகள்தானே நம்மை வரவேற்கும்? அன்று பந்தல் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் எல்லாம் தெரியாத பெண்கள். நீ புதுமுகம் யாரைப் பார்த்தாலும் கேட்பாயே, அதையே பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன்: "நீ எந்தத் தெரு?"

"சுங்குவார்சத்திரத்துல கம்பெனி ஹாஸ்டல்க்கா. ஊரு சாத்தூர் பக்கம்" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு லீவுதான, போய் உக்காருங்கன்னு வார்டன் வேன்ல ஏத்திவிட்டாரு. கை தூக்கச் சொன்னா தூக்கணுமாம். எதுக்குன்னு தெரியலக்கா."

அங்கன்வாடித் தீர்மானத்தைக் கடைசியில், ஓட்டமாகப் படித்தார்கள். "ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர். முன்வரிசைக் கைகள் மொத்தமாக எழுந்தன.

அந்தப் பெண்ணைக் கைகாட்டினால் அவள் பிழைப்பில் அல்லவா மண் விழும்? எழுந்து நின்று தலைவரையே கேட்டேன். "அண்ணே, கை தூக்குனவங்க எந்தெந்தத் தெருன்னு சொல்றீங்களா?"

"ரீட்டா போயிட்டான்னு பாத்தா, இப்ப நீ கெளம்பிட்டியாம்மா?"

பந்தலே சிரித்தது. நான் உட்காரவில்லை, அக்கா. பின்னாலிருந்து காய்கறிக்காரக் கன்னியம்மா, "சிரிச்சிகினே இருந்தா எப்டி? கேட்டதுக்குப் பதில் சொல்லுபா" என்று கத்தினாள். சாத்தூர்ப் பெண் தூக்கிய கையை மெல்ல இறக்கி, முடியை ஒதுக்குவதுபோல் காதோரம் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவளும் இறக்கினாள்.

தீர்மானத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம் என்றார்கள். கைவிட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எதுவரை தள்ளி? நான் அசந்திருக்கும் ஒரு நாள் வரையா? அந்தச் சிவப்புக் கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இன்று காலை பாப்பா அதன்மேல் ஏறி நின்று, "குதிக்கட்டுமாம்மா?" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு நம் தெருப் பெண்களை வீடு வீடாகப் போய் அழைப்பேன், அக்கா. யாரும் வராவிட்டாலும், அந்த வேன் வருவதற்கு முன்பே பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் தங்கச்சி