முடிச்சுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி

என் ராசாத்தி அக்கா,

இன்று உன் மகள் என் உயிரை வாங்கிவிட்டாள். பதினெட்டு முடிந்த கையோடு, உன் கையில் இருந்த அதே பச்சை தனக்கும் வேண்டும் என்று விமான் நகரில் ஒரு டாட்டூ கடைக்கு என்னை இழுத்துப் போனாள். நீ கண்ணை மூடியதிலிருந்து அவள் எதைக் கேட்டாலும் மறுக்க எனக்கு மனசு வருவதில்லை.

உன் முன்கைப் படத்தை போனில் காட்டினாள். பின்னிப் பின்னிப் போகும் அந்தக் கோடுகளை நம் வீட்டில் எல்லோரும் சிக்குக் கோலம் என்றுதானே நினைத்தோம்? பக்கத்திலிருந்த இரண்டு புள்ளியும் திருஷ்டிக்கு வைத்தது என்று அத்தை ஊருக்கெல்லாம் சொன்னாள். நீயும் சிரித்து மழுப்பிவிட்டாய்.

கடைக்காரப் பெண் மராத்தியில் விளக்கினாள். இது கோலம் இல்லையாம், அயர்லாந்துப் பக்கத்து கெல்டிக் முடிச்சாம். ஒன்றுக்குள் ஒன்று பின்னிய இரண்டு இதயங்கள், தாயும் பிள்ளையும். கோட்டுக்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி என்று பக்கத்தில் வைப்பார்களாம். உங்கள் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகளா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

நிலா உனக்கு ஒரே பிள்ளை. அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. போனில் படங்களைத் தள்ளித் தள்ளி உன் கல்யாணப் படத்தை எடுத்துப் பெரிதாக்கினாள். மருதாணிக்கும் வளையலுக்கும் மேலே முடிச்சு, பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி.

"கல்யாணத்துக்கு முன்னாடியே மம்மிக்கு ஒரு பேபி இருந்துச்சா? சச் போலோ, உண்மையைச் சொல்லு சித்தி."

பப்பாவிடமே கேட்டுக்கொள்கிறேன் என்று அவள் அவர் நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டாள். இந்தக் கேள்வி அத்தான் காதுக்குப் போனால் என்ன ஆகும்? நீ இல்லாத இடத்தில் உனக்காக யார் பேசுவது? போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம் நானே உன்னைச் சந்தேகப்பட்டேன் அக்கா.

அப்புறம்தான் கட்கியில் நம் அப்பா வீட்டுக்கு நீ அந்தப் பச்சையோடு வந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று உனக்கு முதல் சம்பளம். இனி உன்னை எவன் கட்டுவான் என்று அப்பா கத்திக்கொண்டிருக்க, நீ பாட்டுக்கு எனக்குச் சடை பின்னினாய். அம்மா செத்த நாளிலிருந்து எனக்குத் தலை வாரியது, சோறு கட்டிக் கொடுத்தது, நான் காய்ச்சலில் கிடந்தால் கூடவே விழித்திருந்தது எல்லாம் நீதானே. இரண்டாவது புள்ளி நிலா பிறந்த பிறகு வந்தது. அப்படியானால் முதல் புள்ளி யாருக்கு?

"அந்தப் புள்ளி நான்டி," என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

நிலா என்னையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, இரண்டு புள்ளியும் அப்படியே இருக்கட்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

ஏன் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அவள் கை ஆறட்டும். அப்புறம் நானும் அந்த நாற்காலியில் உட்காருவேன். எனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். என் முடிச்சுக்குப் பக்கத்தில் நிலாவுக்கு ஒரு புள்ளி இருக்கும். இது உன்மேல் சத்தியம்.

இத்தனை நாள் தங்கையாகவே இருந்துவிட்ட,
உன் மூத்த மகள்
கல்பனா