கஸ்ஸான் மலையில் பனி உருகிய பிறகு

அன்புள்ள சிசுருவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூக்கமும் வருகிறது. வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை நாகியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே மழைக்காலம் போன வாரம் ஓய்ந்தது. நாகிக்குப் பல் முளைக்கும் நேரம், வயிறு இளகினால் பயப்படாதே, அரிசியைக் குழைய வேகவைத்து மேல் கஞ்சியை மட்டும் கொடு. இந்த வருஷம் மலை மூங்கில் குருத்து நிறைய வந்தது, விருந்தினர் எல்லாரும் சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள், உப்பு சரியாக இருக்கிறதா என்பது மட்டும் எனக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை, சமையலுக்கு வரும் பெண்ணைச் சுவைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

உன் தம்பி கோஹேய் கிடைத்துவிட்டான் என்று மட்டும்தான் போனில் சொன்னேன். மீதியை எழுதிவிடுகிறேன், வாயால் சொல்ல வரவில்லை. போன அக்டோபரில் நம் யாத்திரிகர் விடுதியில் தங்கிய நிராசாவா என்பவர், நீகாதாவில் பள்ளி ஆசிரியர், பையை அறையில் வைத்துவிட்டுத் தனியாக மலை ஏறினார், மத்தியானம் இறங்கிவிடுவேன் என்றார். மூன்று மணி ஆகியும் வரவில்லை. உச்சியில் மூடுபனி. அப்பாவுக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் கோஹேய்தான் தேடப் போனான், போகும்போது செருப்பு மாட்டும் இடத்தில் நின்று, அம்மா அந்த மனுசனுக்குக் குளிக்கத் தண்ணி சூடா வச்சிரு, நடுங்கிக்கிட்டு வருவாரு, என்றான். சாயங்காலமே அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்தது, அவன் திரும்பவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. மறுநாள் காலை ஏழரைக்கு நிராசாவா போன் செய்தார், எடுத்தது நான். மூடுபனியில் வழி தவறி மலையின் அந்தப் பக்கம் இறங்கிவிட்டேன், போனில் சார்ஜ் இல்லை, இங்கே வெந்நீர் ஊற்று விடுதியில் நன்றாகத் தூங்கினேன், என் பையை அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்டார். சரி என்றேன். வாசலில் கோஹேயைத் தேடப் போகிறவர்கள் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய ஈரத் துண்டை உலர்த்தி மடித்துப் பையில் வைத்து, விலாசம் எழுதி, கூரியர்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்தேன். இதை அப்பாவிடம்கூட அப்போது சொல்லவில்லை.

பிறகு குளிர்காலம் முழுக்க ஒன்றும் செய்வதற்கில்லை. பனி உருக வேண்டும் என்றார்கள், காத்திருந்தோம். ஜூலை முதல் தேதி யாத்திரைக்கு மலை திறந்தது. ஆறாம் தேதி மலைமேல் குடில் நடத்தும் ஹோன்மா தண்ணீர்க் குழாயைச் சரிபார்க்கப் போனபோது, ஓடையோரம் பனி விலகிய இடத்தில் நீல மழைச்சட்டை தெரிந்திருக்கிறது. பாதையிலிருந்து இருநூறு அடிகூட இல்லையாம். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார். மலையில் யார் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்ற ஒரே பதில்தான் சொல்ல வேண்டும் என்று நாற்பது வருஷமாக யாத்திரிகர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அல்லவா அப்பா, போலீஸ்காரர் சொல்லி முடித்ததும் அவர் வாயிலிருந்து அதே வார்த்தை வந்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்றார். சொன்னபின் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஹெலிகாப்டர் வர முடியாத மேகம், ஆறு பேர் தூக்கி இறக்கினார்கள், முழங்கால் வீங்கியிருந்தும் அப்பா தூக்குப் படுக்கையின் முன்கம்பை யாருக்கும் விடவில்லையாம். அன்றைக்கு விடுதியில் சிபாவிலிருந்து வந்த பதினெட்டு யாத்திரிகர்கள் இருந்தார்கள். நான் அரிசி களைந்தேன், மீன் வறுத்தேன், எள்ளை அரைத்துச் செய்த கட்டியைப் பதினெட்டாக வெட்டினேன். அவர்களில் ஒரு அம்மாள் அடுப்படிக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, செத்தவங்க எல்லாரும் வந்து சேர்ற மலைங்க இது, உங்க பையன் வேற எங்கயும் போகல, என்றாள். முப்பது வருஷமாக இதையே நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்படித்தான் கேட்டிருக்கும் போலிருக்கிறது அவர்களுக்கும், மழை பெய்கிறது என்று யாரோ சொல்வது மாதிரி.

பதினைந்தாம் தேதி நிராசாவா வந்தார். செய்தித்தாளில் பார்த்தாராம். வாசல் தரையிலேயே மண்டியிட்டு நெற்றியை மண்ணில் வைத்துவிட்டார், எழுந்திருக்கவில்லை. யாத்திரிகர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ச் செருப்பு மாட்டினார்கள். அப்பா, எந்திரிங்க, வழில இருக்கீங்க, சாப்பிட்டாச்சா, என்று கேட்டார். இல்லை என்றார். சோறு போட்டேன். சாப்பிட்டார், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பிறகு கோஹேய் கிடந்த இடத்தைக் காட்டும்படி கேட்டார். அப்பா யாத்திரிகர் உடுத்தும் வெள்ளை உடை ஒன்றை எடுத்துக் கொடுத்துக் கூட்டிப்போனார். அந்த ஆள் மலைமேல் தன்னையே ஏதாவது செய்துகொள்வாரோ, அல்லது அப்பா ஏதாவது செய்துவிடுவாரோ என்று நான் பயந்திருக்க வேண்டும், பயப்படவில்லை, ஊறுகாய்ப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கு இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டதற்கு அப்பா, அவன் அழுதான், எனக்கு அழுகை வரல, அவன் ஷூ கயிறு அவுந்திருந்துச்சு, அதையே பாத்துக்கிட்டிருந்தேன், எறக்கத்துல தடுக்குமேன்னு நானே குனிஞ்சு கட்டிவிட்டேன், என்றார். புறப்படும்போது நிராசாவா என் முன்னால் நின்று, என்னை மன்னிங்கன்னு கேக்கக்கூட எனக்கு யோக்யதை இல்லம்மா, என்றார்.  அன்னைக்கு அனுப்பின பை நல்லபடியா வந்து சேந்துதா, என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் அப்படியே உடைந்துபோயிற்று. குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை சிசுரு, நிஜமாகவே அது மட்டும்தான் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவர் போனபின் அப்பாவிடம் அந்த போனைப் பற்றிச் சொன்னேன். தெரியும், கூரியர் ரசீதைப் பாத்தேன், என்று மட்டும் சொன்னார். ஊரில் எல்லாரும் அழு அழு என்கிறார்கள், அழுதால் நல்லதாம். வந்தால் அழமாட்டேனா.

எலும்புக் கலசம் சாமி அறையில் இருக்கிறது. ஆகஸ்டு பதிமூன்றில் கல்லறையில் வைப்பதாக ஏற்பாடு. அன்று போனில் நான் வரட்டுமா என்று நீ கேட்டாய், குழந்தையை வைத்துக்கொண்டு எதற்கு அவ்வளவு தூரம், வேண்டாம் என்றேன். அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது, எனக்குப் பேச்சை முடிக்க வேண்டியிருந்தது, அதனால் சொன்னது அது. நீ உடனே சரி என்றாய். வா. நாகியையும் தூக்கிக்கொண்டு வா. அவளைக் கொஞ்ச நேரம் என் கையில் கொடு.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். விமானத்தில் குழந்தைக்குக் காது அடைக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடு.

அம்மா
தொகிகோ